சில்லு நட் இறுக்குவதிலும் ஓர் அளவு உண்டு

(எமது சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகச் சமயம், இலக்கியம், பிள்ளைகளின் படிப்பு என்று பெரிய விசயங்கள் பேசுவார்கள். என்னைச் செயலாளர் அண்ணர் கார்ச் சில்லின் நட்டைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார். நான் கராஜில் வேலை செய்கிறவன் இல்லை. ஊரில் ஏ.எல். கணிதப் பிரிவோடு என் படிப்பு நின்றது. இங்கே சுவிசில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் பொருத்துகிற பகுதியில் வேலை. காலையில் இருந்து வேலை முடியும் வரை என் கையில் இருப்பது நட்டும் போல்ற்றும் ஸ்பனரும்தான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கோ.

இப்போது இந்தப் பேச்சுக்கு என்ன தேவை என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் ஒக்ரோபரில் இருந்து ஈஸ்ரர் வரை பனிக்கால ரயர் போடுவது வழக்கம். ஈஸ்ரர் வர, சித்திரைப் புத்தாண்டும் வர, எங்கட ஆட்கள் குடியிருக்கிற தொடர்மாடிகளின் கார் நிறுத்துமிடங்களில் ரயர் மாற்றும் திருவிழா தொடங்கிவிடும். தம்பிமார் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமைக்குள் பத்துப் பதினைந்து காருக்குச் சில்லு மாற்றிக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஒரு தேத்தண்ணியும் வடையும்தான் கூலி. இது எங்கட சமூகத்தின் நல்ல பழக்கம். இதை நிப்பாட்டச் சொல்லி நான் பேச வரவில்லை. இன்னும் திறமாகச் செய்ய வேண்டும் என்றுதான் பேச வந்தேன்.

ஏனென்றால் இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு சம்பவம் நடந்தது. விடியப்புறம் நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற ஓர் அக்கா. மணித்தியாலச் சம்பளம். வழியில் ரயர் காற்றுப் போய்விட்டது. டிக்கியில் ஸ்பெயர் சில்லு இருந்தது, ஸ்பனரும் இருந்தது. ஆனால் நட் ஒன்றும் அசையவில்லை. உதவிக்கு வந்த வீதிச் சேவைக்காரர் நீளமான ஸ்பனர் போட்டுத் திருப்ப, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஸ்ரட் முறிந்து போனது. காரை இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் வேலை இல்லை. இழுத்த செலவு, திருத்தின செலவு, போன சம்பளம் எல்லாம் அந்த அக்காவின் தலையில். வேலை இடத்தில் ஒழுங்காக நிற்பது எங்கட ஆட்களுக்கு வதிவிட அனுமதிக்கும் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நட்டுகளை இறுக்கிய தம்பிமார் கெட்ட எண்ணத்தில் இறுக்கவில்லை. "அக்கா தனிய ஓடுறவா, கழண்டு கிழண்டு போகாமல் நல்லா இறுக்கி விடுவம்" என்று ஸ்பனரில் ஏறி நின்று மிதித்திருக்கிறார்கள். அன்பில் செய்த வேலைதான். ஆனால் இரும்புக்கு அன்பு தெரியாது, அளவுதான் தெரியும்.

முதலில் சில்லு எப்படிப் பிடிபட்டிருக்கிறது என்று பார்ப்போம். காரின் அச்சின் நுனியில் ஹப் என்ற வட்டமான இரும்பு இருக்கும். ரொயோட்டா, ஹொண்டா, நிசான் போன்ற யப்பான் கார்களில் அதில் நாலோ ஐந்தோ மரை வெட்டிய தடித்த ஆணிகள் பின்பக்கத்தால் அடித்து இறுக்கப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் ஸ்ரட். சில்லை அதில் கொழுவி, மேலே நட்டைப் பூட்டுகிறோம். வொக்ஸ்வாகன், பீ.எம்.டபிள்யூ., பெஜோ போன்ற கார்களில் ஸ்ரட் இல்லை. ஹப்பில் மரைத்துளை இருக்கும், போல்ற்றை நேரே உள்ளே முறுக்க வேண்டும். இரண்டுக்கும் நான் சொல்லப்போகிற விதி ஒன்றுதான். போல்ற் வகையில் ஹப்பின் மரை கெட்டால் செலவு இன்னும் கூட.

காரின் பாரத்தை அந்த மெல்லிய ஸ்ரட்டுகள்தான் தாங்குகின்றன என்று பலபேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்ரட் ஒரு ஸ்பிறிங்கைப் போல மிக மிகக் கொஞ்சமாக நீளுகிறது. அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற இழுவைதான் சில்லை ஹப்போடு சேர்த்து அமத்திப் பிடிக்கிறது. அப்படி அமத்தும்போது சில்லுக்கும் ஹப்புக்கும் இடையில் உண்டாகிற உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. ஏ.எல். பௌதிகம் படித்தவர்களுக்கு ஊக்கின் விதியும் மீள்தன்மை எல்லையும் ஞாபகம் இருக்கும். பரீட்சை எழுத மட்டும் படித்தோம் என்று நினைத்தோம். அது கார்ச் சில்லுக்குள்ளேயே இருக்கிறது.

இறுக்கம் குறைந்தால் என்ன நடக்கும்? அமத்தம் போதாமல் சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் நூலளவு அரங்கும். ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்து முறிக்கிறோம் அல்லவா, அதே மாதிரி ஸ்ரட் களைத்து முறியும். இறுக்கம் கூடினால்? ஸ்ரட் அந்த எல்லையைத் தாண்டி நீண்டுவிடும். பிறகு அது ஸ்பிறிங் இல்லை, இழுபட்ட ரப்பர் நாடா. மரையும் இழுபட்டு நட்டோடு சிக்கிப்பிடிக்கும். அடுத்த முறை கழற்றும்போது முறியும், அல்லது அதற்கு முன்னமே ஓட்டத்தில் முறியும். ஒன்று முறிந்தால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில். ஆகவே கூட இறுக்கினால் கூடப் பாதுகாப்பு என்பது பிழையான கணக்கு.

அப்போ எவ்வளவு இறுக்குவது? அதற்கு அளவு இருக்கிறது, நியூட்டன் மீற்றர் என்று பெயர். ஒவ்வொரு காரின் கைநூலிலும் எழுதியிருக்கும். பல ரொயோட்டா யாரிஸ், கொறோல்லா கார்களுக்கு 103. பல ஹொண்டா கார்களுக்கு 108. வொக்ஸ்வாகன் கோல்ப் பலவற்றுக்கு 120. என் பேச்சை நம்பி இறுக்காதீர்கள், உங்கட காரின் கைநூலைப் பார்த்து இறுக்குங்கோ. ஒரே பெயர் உள்ள காரிலும் வருசத்துக்கு வருசம் வேறுபடலாம்.

100 நியூட்டன் மீற்றர் என்றால் எவ்வளவு என்று ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு மீற்றர் நீள ஸ்பனரின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிவிட்டால் வருகிற திருப்பம். ஸ்பனர் அரை மீற்றர் என்றால் 20 கிலோ வேண்டும். காரோடு தருகிற கால் மீற்றர் ஸ்பனர் என்றால் 40 கிலோ. இப்போ 80 கிலோ நிறை உள்ள ஒரு தம்பி 40 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியில் ஏறி நிற்கிறார் என்று வையுங்கோ. கணக்குப் பார்த்தால் 300க்கு மேல் வருகிறது. கேட்ட அளவின் மூன்று மடங்கு! அவர் ஏறி நின்று ஒரு துள்ளும் துள்ளினால் கணக்கே வேண்டாம்.

இதைக் கையால் மதிப்பிட முடியாது. பத்து வருசம் இந்த வேலை செய்கிற நானும் மதிப்பிட மாட்டேன். எங்கட தொழிற்சாலையில் எந்தக் கெட்டிக்காரனாக இருந்தாலும் முக்கியமான போல்ற்றை அளவு ஸ்பனர் இல்லாமல் இறுக்க விடமாட்டார்கள். டொச்சில் ட்றேமொமென்ற் சுலூசல் என்று சொல்கிற ஸ்பனர் அது. பிடியில் எண்ணைத் திருப்பி வைத்துவிட்டு இறுக்கினால், அளவு வந்தவுடன் 'கிளிக்' என்று சத்தமிடும். அதோடு நிற்பாட்ட வேண்டும். "இன்னும் ஒருக்கா, சாட்டுக்கு" என்று இரண்டாம் மூன்றாம் கிளிக் கொடுத்தால் அளவு ஏறிவிடும். அந்த ஸ்பனரால் நட்டைக் கழற்றவும் கூடாது. வேலை முடிந்ததும் எண்ணை அதன் ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். எங்கட ஆட்கள் ஏன் அளவு பார்க்காமல் இறுக்குகிறார்கள்? அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடிய விதம் பெரியவர்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் கார் ஓடியது. உதிரிப்பாகம் இல்லை, ஒரு வாகனத்தின் நட்டை இன்னொரு வாகனத்துக்குப் பூட்டினோம். மரை போன இடத்தில் நூல் சுற்றி முறுக்கினோம். நான் அப்போது சின்னப் பிள்ளை, பக்கத்து வீட்டு ஐயாவின் பழைய கார் அப்படி ஓடியதைக் கண்ணால் கண்டவன். அந்தச் சமாளிப்பால் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிள்ளைத்தாச்சிகள் பிழைத்தார்கள். அந்தக் கைத்திறமையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கார் குண்டும் குழியுமான வீதியில் ஊர்ந்து போன கார். இங்கே அதிவேக வீதியில் 120இல் போகிறோம், பின் சீற்றில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே சாமான் கிடைக்கவில்லை, அதனால் சமாளித்தோம். இங்கே கடையில் கிடைக்கிறது. கிடைக்கிற இடத்திலும் சமாளிப்பது திறமை ஆகாது.

ஒரு வாகனத்தின் நட்டை இன்னொன்றுக்குப் பூட்டுகிற பழக்கத்தில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று மரை. ரொயோட்டா, ஹொண்டா கார்களில் பெரும்பாலும் ஸ்ரட்டின் தடிப்பு 12 மில்லிமீற்றர், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். பல நிசான், சுபாரு, சுசுக்கி கார்களில் தடிப்பு அதே 12, ஆனால் இடைவெளி 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். மாறிப் பூட்டினால் இரண்டு சுற்றுப் போய் இறுகும். "கறள் போல கிடக்கு" என்று நினைத்து ஸ்பனரால் பலம் போட்டால் நட்டும் போச்சு, ஸ்ரட்டும் போச்சு.

மற்றது நட் ரிம்மில் உட்காருகிற இடத்தின் வடிவம். சில நட் கூம்பு போல, சில பந்து போல உருண்டை, சில தட்டையாக வாஷரோடு. ஹொண்டாவின் கம்பனி ரிம்முக்கு உருண்டை. பல ரொயோட்டாக்களின் கம்பனி அலுமினிய ரிம்முக்குத் தட்டை வாஷர். வெளியில் வாங்குகிற ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு. எங்கட ஆட்கள் பனிக்காலச் சில்லை ரிம்மோடு பழையதாக வாங்குகிறார்கள், நட் பழைய காரினதையே பூட்டுகிறார்கள். வடிவம் பொருந்தாவிட்டால் நட் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். கிளிக் சத்தமும் வரும், அளவும் சரி என்று காட்டும், ஆனால் பிடிப்பு இராது. ஓட ஓடத் தளரும். ஆகவே சில்லு வாங்கும்போதே "இதற்கு எந்த நட்?" என்று கேட்டு வாங்குங்கோ.

இனிச் செய்முறை. ஒழுங்காகச் சொல்கிறேன், தம்பிமார் கவனியுங்கோ.

சமதரையில் காரை விட்டு, கைப்பிறேக் போட்டு, கியரிலும் விடுங்கோ. எதிர்ப்பக்கச் சில்லுக்கு ஒரு கட்டை வையுங்கோ. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் இளக்கிவிட்டுத்தான் ஜக்கால் தூக்க வேண்டும். ஜக்கில் நிற்கிற காருக்குக் கீழே ஒருவரும் தலை வைக்கக் கூடாது.

ஸ்பனரின் தலை நட்டுக்குச் சரியான அளவாக, ஆறு மூலை உள்ளதாக இருக்க வேண்டும். தளர்ந்த தலையைப் போட்டால் நட்டின் மூலை உருண்டு போகும். மேலே மினுங்குகிற தகரத் தொப்பி போட்ட நட்டுகள் இருக்கின்றன. தொப்பிக்குள் தண்ணீர் போய்க் கறள் பிடித்து ஊதிவிடும், பிறகு சரியான ஸ்பனர் ஏறாது. ஊதின நட்டைச் சுத்தியலால் அடித்துச் சமாளிக்காமல் முழு நட்டாக வாங்கி மாற்றுங்கோ. களவுக்குப் பயந்து பூட்டு நட் போட்டவர்கள் அதன் திறப்பைக் காரிலேயே வையுங்கோ. வீட்டு மேசை லாச்சியில் இருக்கிற திறப்பு வீதியில் உதவாது.

சில்லு ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்றில் விட்டு, ரயரைக் காலால் தட்டி அசைத்து எடுங்கோ. ஸ்ரட்டில் சுத்தியல் படக்கூடாது.

கழற்றின பிறகு ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்பக்கத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறளை எடுங்கோ. உப்புப் போடுகிற வீதிகளில் ஓடுவதால் இங்கே கறள் கூட. அந்தக் கறளுக்கு மேலே சில்லை வைத்து இறுக்கினால், ஓடும்போது கறள் பொடிந்து உதிரும், அந்த அளவுக்கு இறுக்கமும் தளரும். ஸ்ரட்டின் மரையையும் தேய்த்துத் துடையுங்கோ.

அடுத்தது கிறீஸ், எண்ணெய். இதில்தான் கூடப்பேர் வாதாடுகிறார்கள். நட்டில் நாம் போடுகிற திருப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்ரட்டை இழுக்கிறது. மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வுக்குப் போகிறது. எண்ணெய் பூசினால் உராய்வு குறையும். அதே 103இல் கிளிக் கேட்கும், ஆனால் ஸ்ரட் எவ்வளவோ கூட இழுபட்டிருக்கும். கைநூல் எண்ணெய் போடச் சொல்லாத வரை மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். சில்லு அடுத்த முறை ஒட்டாமல் இருக்க வேண்டும் என்றால் ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சுப் பூசலாம். மரையில் படக்கூடாது.

நட்டைத் தொடங்குவது எப்போதும் விரலால். நாலைந்து சுற்று விரலாலேயே சுகமாகப் போக வேண்டும். போகாவிட்டால் கழற்றிப் பாருங்கோ, கோணலாக மரை ஏறியிருக்கும். இறுக்குகிற மெசினை வைத்து நட்டைத் தொடங்குவதுதான் மரை கெடுவதற்குப் பெரிய காரணம். மெசின் கழற்றுவதற்கு நல்லது, பூட்டுவதற்கு வேண்டாம்.

பிறகு குறுக்குக்குக் குறுக்காக இறுக்குங்கோ. ஐந்து நட் என்றால் வரிசையாகப் போகாமல் 1, 3, 5, 2, 4 என்று நட்சத்திரம் கீறுகிற மாதிரி. நாலு என்றால் எதிருக்கு எதிர். முதல் சுற்றில் மெதுவாக, சில்லு ஹப்போடு ஒட்டி உட்காரும் வரை. பிறகு ஜக்கை இறக்கி, அளவு ஸ்பனரால் அதே ஒழுங்கில் கிளிக் வரும் வரை. எங்கட தொழிற்சாலையில் அளவுக்கு இறுக்கின போல்ற்றில் பெயின்ற் பேனையால் ஒரு கோடு கீறுவோம். நீங்களும் கீறலாம். எது இறுக்கினது, எது விட்டுப்போனது என்று உடனே தெரியும். பத்துக் காரை ஒரே நாளில் செய்யும்போது கதை பறைந்துகொண்டு ஒரு சில்லை மறந்துபோவது இயல்பு.

கடைசியாக, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடின பிறகு, சில்லு ஆறின நேரத்தில் திரும்ப ஒருமுறை அளவு ஸ்பனரால் பார்க்க வேண்டும். கராஜில் மாற்றினாலும் இதைச் சொல்லித்தான் விடுவார்கள், நாங்கள்தான் செய்வதில்லை.

ஓடும்போது மெதுவான வேகத்தில் டொக் டொக் என்று சத்தம், ஸ்ரேறிங்கில் புதிதாக ஒரு நடுக்கம், நட்டின் அடியில் இருந்து செம்மண் நிறத்தில் கறள் கோடு. இவை நட் தளர்ந்ததன் அறிகுறி. உடனே பாதுகாப்பான இடத்தில் நிற்பாட்டுங்கோ. "வீட்டை போய்ப் பார்ப்பம்" என்று ஓடாதீர்கள். ஒரு ஸ்ரட் முறிந்திருந்தால் கராஜில் அதை மட்டும் மாற்றச் சொல்லாமல் மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கோ. ஒரே கை இறுக்கிய மற்றவையும் அதே பாடுதான் பட்டிருக்கும்.

சட்டத்தையும் ஒரு வசனத்தில் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி பாதுகாப்பாக ஓடக்கூடிய நிலையில் உள்ள வாகனத்தைத்தான் வீதியில் ஓட்டலாம். கனடாவில் உறவினர் உள்ளவர்கள் அறிந்திருப்பீர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 1990களில் பாரவண்டிகளின் சில்லுகள் கழன்று பறந்து, எதிரே வந்த கார்களில் இருந்தவர்களைக் கொன்றன. 1997இல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். வர்த்தக வாகனத்தின் சில்லு கழன்றால், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்ற வாதம் செல்லாது, குற்றப்பணம் 50,000 டொலர் வரை. கழன்ற சில்லு யாரைத் தேடிப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அது எங்கட பிள்ளையாகவும் இருக்கலாம், நடைபாதையில் போகிற ஒரு சுவிஸ் தாயின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

முடிவாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஆள் வாங்க வேண்டியதில்லை. சங்கம் நல்ல அளவு ஸ்பனர் ஒன்று, 40 முதல் 200 வரை அளவு உள்ளது, வாங்கி வைக்கட்டும். கூடவே கம்பித் தூரிகை இரண்டும் ஒரு கொப்பியும். கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்தின் கார், வருசம், கைநூலில் உள்ள அளவு, எந்த வடிவ நட், எந்தத் திகதியில் மாற்றினோம், திரும்பப் பார்த்தோமா என்று எழுதிவைப்போம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். ஈஸ்ரர் முடிந்து வருகிற சனிக்கிழமை நான் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறேன். தம்பிமார் மட்டுமல்ல, தங்கச்சிமாரும் அக்காமாரும் வாருங்கோ. அளவு ஸ்பனருக்குப் பெரிய பலம் தேவையில்லை. விடியப்புறம் தனிய ஓடுகிறவர்கள்தான் முதலில் பழக வேண்டும். வரும்போது உங்கட காரின் கைநூலை மறக்காமல் கொண்டுவாருங்கோ.